விளக்கு எரியாத பாட்டு

குழந்தைகளுக்குத்தானே, நாலு மணியை ஆட்டி நாலு தடவை லாலா போட்டால் பாட்டு ஆயிற்று என்று நினைக்கிறவர்களைத் தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் இருந்த கண்ணாடி அறையில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். மாஸ்டர் அங்கே வாரம் ஒரு நாள் உட்கார்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்தே முடி கொட்டியது என்பது அவருடைய கட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பளம் விரித்து ஒரு டஜன் குழந்தைகளை உட்கார வைத்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு டிவி. அதில் மாஸ்டரின் புதுப் பாட்டு ஓடும். டிவிக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் திரை. அதில் ரயில், யானை, ஐஸ்கிரீம், வழுக்கி விழுகிற தடியன் என்று படம் மாறிக்கொண்டே இருக்கும். எதைப் பார்ப்பது என்பது குழந்தைகளின் இஷ்டம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா கையில் ஒரு பொத்தானோடு இருப்பார். குழந்தைகளின் தலை டிவியை விட்டு யானைப் பக்கம் திரும்பிய கணம் அவர் பொத்தானை அழுத்துவார். மாஸ்டரின் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்த இடம் பாட்டில் செத்த இடம். அதை வெட்டு, அல்லது மாற்று, அல்லது பாட்டையே குப்பையில் போடு.

டாக்டரம்மா குழந்தைகளின் மனதைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அன்பான மனுஷிதான், பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். ஆனால் அந்தப் பொத்தானில் விரலை வைத்துவிட்டால் பெற்ற தாய் எழுதிய பாட்டானாலும் விட மாட்டார்.

மாஸ்டர் சினிமாவில் பல வருஷம் அடுத்தவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்துத் தேய்ந்தவர். 'இசை' என்று போட்டு அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் வந்தது இந்தக் 'குண்டு வாத்து' நிகழ்ச்சியில்தான். குண்டு வாத்து ஒரு மஞ்சள் கைப்பொம்மை. எண் சொல்லிக் கொடுக்கும், எழுத்து சொல்லிக் கொடுக்கும், பல் தேய்க்கச் சொல்லும். அதற்கு வயசு ஐந்து. அதன் குரலாகப் பாடியவள் மாஸ்டரின் மகள் சிட்டு. அவளுக்கும் அப்போது ஐந்து. வெளியே ஆள் தேடுவானேன், வீட்டிலேயே ஒரு குயில் இருக்கிறதே என்று கூட்டி வந்துவிட்டார்.

முதல் சில மாதங்கள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் நல்ல மெட்டுப் போட்டார், எரிந்தது. புல்லாங்குழல் சேர்த்தார், எரிந்தது. ஆட்டம் போட வைக்கிற தாளம் போட்டார், குழந்தைகள் அந்தத் தாளத்துக்கு ஆடிக்கொண்டே யானையைப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கல்லைத் தூக்கிப் போட்டார்.

"மாஸ்டர், அடுத்த சீசனுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்றாங்க. நான்தான் தடுத்து வச்சிருக்கேன். இந்தக் கழித்தல் பாட்டாவது ஏதாவது தேறுதான்னு பாருங்க."

இந்த மனுஷர் தடுத்தும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. மாஸ்டருக்கும் அது தெரியும். இது போனால் திரும்பவும் அடுத்தவன் பாட்டுக்கு வாசிக்கப் போக வேண்டும். திரையில் பெயர் பார்த்த கண் அதற்குச் சம்மதிக்காது.

கழித்தல் பாட்டு ஒலிப்பதிவு அன்று சிட்டுவின் அம்மா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சிட்டு காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில், கடையில் ஆள் இல்லை, வர முடியவில்லை என்று போன் வந்தது. மாஸ்டர் மைக் அறைக்குள் போனார். சிட்டுவின் ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் தட்டுகிறது, மைக்கில் 'டக் டக்' என்று விழுகிறது என்று சவுண்டுக்காரர் புகார் சொல்லியிருந்தார். மாஸ்டர் மண்டியிட்டு லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"அம்மா வரலையாம்டா."

சிட்டுவின் கீழுதடு பிதுங்கியது. சரி, இன்றைக்கு ஒலிப்பதிவு அம்பேல் என்று மாஸ்டர் பதறிப்போய், வாய்க்கு வந்ததைச் சேர்த்தார்.

"நீ நல்லாப் பாடினா, வந்தாலும் வருவா."

பெண் அழுகையை விழுங்கிக்கொண்டாள். விழுங்கிக்கொண்டு பாடினாள்.

*மூணு மீனு நீந்துது, முட்டி முட்டிப் போகுது,*
*ஒண்ணு எங்கே போனது? மிச்சம் எத்தனை ஆனது?*

'ஒண்ணு எங்கே போனது' என்கிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. உடைந்து, விழாமல் நின்றது. சவுண்டுக்காரர் வெளியே ஹெட்போனைக் கழற்றிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

அந்த வாரம் கண்ணாடி அறையில் விளக்கு எரியவில்லை. ரயில் போனது, யானை போனது, தடியன் வழுக்கி விழுந்தான். ஒரு தலையும் திரும்பவில்லை. கம்பளத்தில் இருந்த குழந்தைகள் வாயைத் திறந்தபடி வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் முழங்காலில் ஊர்ந்து டிவிக்குப் பக்கத்தில் போய், வாத்தின் கன்னத்தைத் தொட்டான்.

டாக்டரம்மா பொத்தானைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே மேடம். வழக்கம் போலத்தான்."

"இல்ல. அந்தக் குரலுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாக்குறாங்க. அது சரியாகுற வரைக்கும் அவங்களால கண்ண எடுக்க முடியல." அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். "அது என்னவா இருந்தாலும் சரி, அத விட்டுடாதீங்க."

பிள்ளைகளைப் படித்தவர் வாயால் இப்படிப் பச்சைக்கொடி கிடைத்தபிறகு மாஸ்டருக்கு வேறு என்ன வேண்டும்.

ஆனாலும் அவர் உடனே இறங்கிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த பாட்டை நேர்மையாகத்தான் பதிவு செய்தார். விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்ததும் எரிந்தது. அதற்கும் அடுத்த பாட்டில், மைக் அறைக்குள் போய், நன்றாகக் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டியபடி, "காலையில நீ பால் குடிக்கலன்னு அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றார். 'நல்லாப் பாடினா வருவா' என்கிற சேர்மானத்தை மறந்துவிட்டார். சிட்டு ஓவென்று அழுதாள். மைக்கின் வலையெல்லாம் மூக்குச்சளி. அன்றைய பொழுது வீண். அப்போதுதான் மாஸ்டருக்குச் சூட்சுமம் புரிந்தது. கெட்ட செய்தி மட்டும் சொன்னால் பிள்ளை அழும், பாடாது. நம்பிக்கை மட்டும் கொடுத்தால் பாடும், உடையாது. கெட்டது முக்கால், நம்பிக்கை கால். அதுவும் தாளம் எண்ணத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மண்டியிட்டு, லேஸைக் கட்டிக்கொண்டு, மெதுவாக.

அது அவருக்குக் கைவந்த கலையாகிவிட்டது. அம்மா கோபித்துக்கொண்டு போனாள், நல்லாப் பாடினா திரும்பி வருவாள். அம்மாவை பஸ் இடித்துவிட்டது, நல்லாப் பாடினா கண் திறப்பாள். அம்மா வேறொரு பாப்பாவைப் பார்த்து வைத்திருக்கிறாள், நல்லாப் பாடினா நம்ம சிட்டுவே போதும் என்பாள். பல் தேய்க்கும் பாட்டு, கை கழுவும் பாட்டு, வட்டம் சதுரம் முக்கோணம் பாட்டு. பாட்டு முடிந்ததும் மாஸ்டர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, போன் பண்ணிட்டா" என்று முத்தம் கொடுப்பார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பார். பெற்றவர்தானே, கொடுக்காமல் இருப்பாரா.

சிட்டு ஐஸ்கிரீமைக் கையிலேயே உருக விட்டபடி வருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியை எட்டிப் பார்ப்பாள். அம்மாவின் பழுப்புச் செருப்பு இருந்தால்தான் ஐஸ்கிரீமை வாயில் வைப்பாள்.

நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் மஞ்சள் வாத்து பலூன் விற்றார்கள். வாத்து பாடினால்தான் பிள்ளை சாப்பிடுகிறான் என்று தாய்மார்கள் எழுதிப் போட்டார்கள். டாக்டரம்மா வெளியூர்க் கூட்டங்களில் போய், குழந்தைக்குக் கருணையைக் கற்றுக்கொடுக்கும் இசை என்று பேசினார். தயாரிப்பாளர் காபிக்குப் பதில் சாப்பாடே வாங்கிக் கொடுத்தார். மாஸ்டரின் பெயர் திரையில் முன்பைவிடப் பெரிய எழுத்தில் வந்தது. அதைப் பார்க்க அவர் ஒவ்வொரு வாரமும் மறக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

சிட்டுவின் அம்மாவும் பார்த்தாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டோடு டிவி எதிரே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இவ அழுதுக்கிட்டே பாடுறாளா?"

"அது பாட்டுல வர்ற பாவம். நான் சொல்லிக் கொடுத்தது. இப்படிப் பாடணும், அப்படிப் பாடணும்னு நூறு இருக்கு."

"என் பொண்ணு அழுகை எனக்குத் தெரியாதா?"

"உனக்கு மருந்துச் சீட்டு தெரியும். பாட்டு எனக்குத் தெரியும்."

அவள் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டாள். அதை விழுங்கிவிட்டு, "ஏன் இப்பல்லாம் ஷூ போடவே மாட்டேங்குறா? பள்ளிக்கூடத்துலயும் செருப்போட வராளாம், மிஸ் கேக்குறாங்க" என்றாள்.

"கால் கடிக்குதோ என்னவோ. புதுசு வாங்கலாம்."

புதுசு வாங்கினார்கள். பெட்டி பிரிக்காமல் அலமாரியிலேயே கிடந்தது. சிட்டு செருப்போடுதான் ஒலிப்பதிவுக்கு வந்தாள். கட்டுவதற்கு லேஸ் இல்லாமல் போனாலும் மாஸ்டர் பழக்கதோஷத்தில் மண்டியிட்டு, அவள் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

பிறகு ஒரு காலகட்டத்தில், வீட்டுக்குள் நுழைகிறபோது சிட்டு செருப்பு அலமாரியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நேரே உள்ளே போய் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினாள். மாஸ்டருக்குப் பாரம் இறங்கியது. குழந்தைகளுக்கு எதுவும் மனதில் நிற்காது, நாம்தான் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

குரல் இன்னும் நன்றாக உடையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் எங்கே உடையும் என்று தெரியாது. இப்போது மூன்றாம் வரியின் கடைசியில், சொல்லி வைத்த மாதிரி, ஒவ்வொரு டேக்கிலும் ஒரே இடத்தில் உடைந்தது.

"இது அழுகை இல்ல மாஸ்டர்" என்றார் சவுண்டுக்காரர். "ஸ்ருதி சுத்தமா இருக்கு."

"தொழில் படிஞ்சிருச்சு" என்று மாஸ்டர் பெருமையாகச் சொன்னார். சவுண்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆள் ஆரம்பத்திலிருந்து வேறு பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தார். அதனாலேயே அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது.

சிட்டுவுக்கு ஒன்பது வயசானது. பால் பல்லெல்லாம் விழுந்து பெரிய பல் வந்துவிட்டது. குரலும் சதை போட்டுவிட்டது.

"வாத்துக்கு வயசாகாது மாஸ்டர்" என்றார் தயாரிப்பாளர். "ஆனா உங்க பொண்ணுக்கு ஆகுதே."

புதுக் குரல் தேடினார்கள். குண்டு வாத்தைக் கையில் மாட்டி ஆட்டுகிறவருக்கு ஒரு மகள் இருந்தாள். வாத்துக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனவர், சாது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஐந்து வயசு. பாப்பா என்றே கூப்பிட்டார்கள். அப்பாவின் சட்டை நுனியை விடாது. குரல் என்னவோ கண்ணாடிக் குவளை மாதிரி அப்படியொரு சுத்தம்.

வாத்துக்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், உங்க பொண்ண மாதிரி நெனச்சுப் பாத்துக்கங்க."

மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்தவர் பிள்ளையிடம் அந்த வித்தை கிடையாது. தன் பிள்ளை தன் பாடு, அது வேறு. இந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தே பாட வைப்பேன், மெட்டில் ஜெயிப்பேன். உண்மையாகத்தான் நினைத்தார். அப்படி நினைத்தபோது அவருக்கு மனசு லேசாகவும் இருந்தது.

பாப்பா சிரித்துக்கொண்டே பாடினாள். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. மறுவாரமும் எரிந்தது. அதற்கடுத்த வாரம் பாட்டு முழுக்க அணையாமல் எரிந்தது. குழந்தைகள் கம்பளத்தில் படுத்து உருண்டார்கள். டாக்டரம்மா, "அந்தப் பழைய வாத்துக்கு என்ன ஆச்சு மாஸ்டர்?" என்று வருத்தமாகக் கேட்டார். தயாரிப்பாளர் மறுபடி காபிக்கு இறங்கியிருந்தார். "சாலைப் பாட்டு ஒண்ணு இருக்கு. அதுவும் இப்படியே போச்சுன்னா, எனக்கு வேற வழியில்ல" என்றார்.

சாலைப் பாட்டு ஒலிப்பதிவு அன்று பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் தனியாக விட முடியாமல் சிட்டுவையும் கூட்டி வந்திருந்தார் மாஸ்டர். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சவுண்டுக்காரரின் மேசைப் பக்கத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வாத்துக்காரர் வெளியே நடையில், பதிவு ஓடும்போது மட்டும் பாட்டு கேட்கிற ஸ்பீக்கரின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாத்தின் கழன்ற கண்ணுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

உள்ளே பாப்பா பாடினாள்.

*அப்பா கையை விடாதே, அவசரமா ஓடாதே,*
*ரெண்டு பக்கம் பாக்காம ரோட்டைத் தாண்டிப் போகாதே.*

அழகாகப் பாடினாள். அழகாக மட்டும் பாடினாள். மாஸ்டர் தாளத்தைக் குறைத்தார், கூட்டினார். உள்ளே போய்க் குரங்கு மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டினார். பாப்பா கலகலவென்று சிரித்தாள். டேக் மேல் டேக் போனது. மாஸ்டரின் கண்ணுக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"மாஸ்டர்" என்றார் சவுண்டுக்காரர், திரும்பாமலே. "அவங்க அப்பா வெளியதான இருக்காரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டருக்குத் தெரியும். "வேண்டாம்" என்றார். "விடுங்க. மூட்டை கட்டிரலாம். போனா போகுது." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் மனுஷராக இருந்தார். அதை நாம் மறுக்க வேண்டாம்.

சிட்டு பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"நான் சொல்லிட்டு வரவாப்பா?"

"என்னத்த?"

அவள் பஞ்சு வைத்த கனமான கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். வெறுங்கால். மாஸ்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டு பாப்பாவின் எதிரே போய் மண்டியிட்டாள். பாப்பாவின் காலில் சின்னச் சிவப்பு ஷூ. லேஸ் நன்றாகத்தான் கட்டியிருந்தது. சிட்டு அதை அவிழ்த்தாள். அவிழ்த்து, அவசரப்படாமல், மறுபடி கட்டத் தொடங்கினாள். மைக் திறந்திருந்ததால் அவள் சொன்னது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"ஒங்க அப்பா வெளிய இல்ல பாப்பா. கெளம்பிப் போயிட்டாரு. வேற வீட்டுல வேற பாப்பா இருக்காளாம். அவளுக்குத்தான் இனிமே அப்பாவாம்."

பாப்பாவின் கீழுதடு பிதுங்கியது.

சிட்டு லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். மாஸ்டரும் அதே அளவுதான் காத்திருப்பார். அந்த இடைவெளியைக்கூட அவள் தவறவிடவில்லை.

"நீ நல்லாப் பாடினா, வந்தாலும் வருவாரு."

மாஸ்டரின் விரலடியில் உள்ளே பேசுகிற பொத்தான் இருந்தது. அழுத்தி, 'பொய்டா கண்ணு, அப்பா இங்கதான் இருக்காரு' என்று சொல்ல ஒரு கணம் போதும். பாப்பா அழுகையை விழுங்கினாள். அதைப் பார்த்ததும் மாஸ்டரின் விரல் பொத்தானை விட்டு நகர்ந்து, சவுண்டுக்காரருக்குச் சைகை காட்டியது. சவுண்டுக்காரர் ஏற்கெனவே பதிவை ஓட விட்டிருந்தார்.

'அப்பா கையை விடாதே' என்கிற முதல் வரியிலேயே குரல் உடைந்தது. உடைந்து, விழாமல், நடுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாலு வருஷத்தில் இப்படியொரு குரலைக் கேட்டதில்லை என்று முதலில் தோன்றியது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது.

வெளியே ஸ்பீக்கரில் பாட்டு கேட்டதும் வாத்துக்காரர் வாத்தைக் கையில் மாட்டிக்கொண்டார். மகள் குரலுக்கு ஏற்ப வாத்தின் வாயைத் திறந்து மூடிப் பழகிப் பார்த்தார். நடைக் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக மாஸ்டரைப் பார்த்து, பிரமாதம் என்று வாத்தைத் தலையாட்ட வைத்தார்.

பாட்டு முடிந்தது. சிட்டு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். உள்ளே பாப்பா அசையாமல் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தன் மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, பழி இல்லை. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்க வந்தவளின் முகம்.

"எப்பலேர்ந்துடா உனக்குத் தெரியும்?"

"ரொம்ப நாளா." சிட்டு மேசையிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். "அப்பா, அவங்க அப்பா வெளியதான் இருக்காருன்னு அவகிட்ட சொல்லிடவா? இல்ல, இன்னொரு டேக் இருக்கா?"

மாஸ்டர் சவுண்டுக்காரரைப் பார்த்தார். சவுண்டுக்காரர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, "ரெண்டாவது வரியில மட்டும் மூச்சு கொஞ்சம் கேக்குது" என்றார்.

சிட்டு பிஸ்கட்டைக் கடிக்காமல் காத்திருந்தாள்.

"இன்னொண்ணு போயிடலாம்" என்றார் மாஸ்டர்.

அவள் தலையாட்டிவிட்டு, பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.